அரிப்புக் கரையில் ஒரு அளவு நாடா



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள். முசலியில் இருப்பவர்களும், புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இன்னும் இருக்கும் எங்கட ஊர்க்காரர்களும் கடைசி வரை வாசிக்க வேண்டும். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை கேட்டிருக்கிறேன்.

பத்தாம் தரத்துப் புவியியல் பாடத்தில் இடவிளக்கப் படம் ஒன்று வரும். 1:50,000 படம். சமவுயரக் கோடு, ஆற்று வளைவு, பள்ளத்தாக்கு, தேயிலைத் தோட்டம் எல்லாம் கேட்பார்கள். எங்கட பிள்ளைகள் மலையைக் கண்டதில்லை. சிலாவத்துறையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை மட்டமான தரைதான். அன்றைக்குப் பாடம் முடியும் நேரத்தில் பின் வாங்கிலில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், இந்தப் படத்தில எங்கட ஊர் எங்க?"

கேள்வி சின்னது. ஆனால் அந்தப் பிள்ளையின் மூத்தாப்பா மறிச்சுக்கட்டிப் பக்கம். அவருடைய பழைய வளவு இன்றைக்குக் காடு. "உங்கட ஊர் இங்கே" என்று விரல் வைப்பது அவ்வளவு லேசான காரியமில்லை.

நானும் 1990இல் இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு போகப்பட்டவன். அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் 5 மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்ட சனம். மன்னார் ஆட்களில் பலர் படகில் கற்பிட்டிக்கும், வேறு பலர் தரைவழியாகவும் போனார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்த எனக்கு முசலி என்றால் உம்மாவின் வாயில் வருகிற பெயர்கள் மட்டும்தான். கல்வியியற் கல்லூரியில் படித்து முடித்து, நியமனம் கிடைத்து இங்கே வந்தபோது, நான் படிப்பிக்க வந்த ஊரை எனக்கே தெரியாது. ஆகவே பிள்ளை கேட்ட கேள்வி எனக்கும் உரியதுதான். அடுத்த கிழமையே அளவு நாடா, திசையறி கருவி, நான்கைந்து கொப்பிகளோடு வெளிக்கள வேலையைத் தொடங்கினோம்.

முதலில் போனது அரிப்புக்கு.

அங்கே கடலோரத்துச் செம்மண் மேட்டில் இடிந்து நிற்கும் கட்டடத்தை நாங்கள் அல்லிராணி கோட்டை என்கிறோம். அல்லியரசாணி கதை எல்லோருக்கும் தெரியும். குதிரைமலையில் இருந்து ஆண்டாள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். கதை கதையாக இருக்கட்டும். ஆனால் நிற்கும் சுவர் அவளுடையது அல்ல. பிரித்தானியரின் முதலாவது சிவில் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தனக்காகக் கட்டிய மாளிகை அது. தூண்கள் கிரேக்கரின் டொரிக் பாணியில் அமைந்ததால் ஆங்கிலத்தில் அதற்கு 'டொரிக்' என்றே பெயர். செங்கல்லால் கட்டி, முத்துச்சிப்பி சுட்ட சுண்ணாம்பால் பூசியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் இருந்த கோர்டினர் என்ற பாதிரியார் 1807இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்த மாளிகையை மிகவும் புகழ்ந்து எழுதியிருக்கிறார்.

(கொஞ்சம் தள்ளி இருக்கும் சின்னக் கோட்டை வேறு. அது போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைக்குப் போனது. கண்டியில் 19 வருடம் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் தப்பி வந்து, 1679 ஒக்டோபரில் கால் வைத்தது அந்தக் கோட்டையில்தான். இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் பதிவுகள் நிறையச் சுற்றுகின்றன. தயவுசெய்து திருத்திப் பகிருங்கள்.)

இந்த நோர்த்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொன்ன விசயம் வேறொன்று. 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தை ஆரம்பித்தவரும் அவரே. நாங்கள் வகுப்பில் விரிக்கும் படத்தை வெளியிடுவது இன்றைக்கும் அந்தத் திணைக்களம்தான். நாட்டை அளக்க ஏற்பாடு செய்த மனிதர் தன் வீட்டைக் கட்டிய மேட்டைக் கடல் எவ்வளவு வேகமாகத் தின்னும் என்று அளக்கவில்லை!

மாளிகையின் மேற்குப் பக்கம் கடல். அந்தப் பக்கத்துச் சுவர்கள் விழுந்து விட்டன. மேட்டுக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் பெரிய பெரிய செங்கல் கட்டிகள் அலையில் கிடக்கின்றன. "எப்படி விழுந்தது, எழுதுங்கள்" என்று பிள்ளைகளை விட்டேன். ஒருவன் "அலை அடிச்சு" என்று எழுதினான். அது பாதி விடை. இந்த மேட்டு மண் இறுகிய பாறை அல்ல, செம்மண். கையால் சுரண்டினாலே உதிரும். சோளகம் வீசும் மாதங்களில் அலை மேட்டின் அடியைக் குடைகிறது. மேல்பகுதி தொங்கிக்கொண்டு நிற்கிறது. பிறகு வாடை மாரியில் மேலே மழைத்தண்ணீர் ஊறி, பாரம் கூடி, தொங்கிய மண் மொத்தமாகச் சரிகிறது. குடைவது ஒரு பருவம், சரிவது இன்னொரு பருவம். இதை ஒரு பிள்ளை கீழே குடைவும் மேலே வெடிப்பும் ஒன்றாகத் தெரியும்படி படமாகக் கீறியது. பாடப்புத்தகத்துப் படத்தை விட நல்ல படம்.

சுவரின் மூலையிலிருந்து மேட்டு விளிம்பு வரை நாடா பிடித்து அளந்தோம். அளவை இங்கே எழுதவில்லை. ஒரே ஒரு தடவை அளந்ததைப் போட்டால் நாளைக்கு யாராவது "வருடத்துக்கு இவ்வளவு மீற்றர் போகுதாம்" என்று பகிர்வார்கள். வேகம் சொல்ல இரண்டு திகதிகளிலாவது அளந்திருக்க வேண்டும். அதிலும் ஒரு சோளகமும் ஒரு வாடையும் நடுவில் கழிந்திருக்க வேண்டும். கொப்பியில் திகதி, நேரம், கடல் வற்றா ஏற்றமா, நாடா பிடித்தவர் பெயர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம்.

"சேர், அரிப்புக்கு அரிப்பு என்று பெயர் வந்தது இதாலையா?" என்று கேட்டார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி ஒன்றாக இருப்பது மட்டும் ஆதாரம் ஆகாது என்று சொல்லி விட்டுவிட்டேன்.

நோர்த் ஏன் இந்த ஒதுக்குப்புறத்தில் மாளிகை கட்டினார்? கடலுக்குள் போனால் விடை கிடைக்கும். எங்கள் கரைக்கு வெளியே கடல் ஆழமில்லை. மணல் தரையில் அங்கங்கே பாறைத் திட்டுகள். எங்கள் மீனவர்கள் இன்றைக்கும் அவற்றைப் 'பார்' என்றுதான் சொல்வார்கள். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார். 5 முதல் 10 பாகம் வரை ஆழம். சிப்பிக் குஞ்சு ஒட்டிப் பிடிக்கப் பாறை வேண்டும். மூச்சடக்கி இறங்கும் மனிதனுக்கு ஆழம் அளவாக இருக்க வேண்டும். படகு நிற்கக் கடல் அமைதியாக இருக்க வேண்டும். வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத மாசி, பங்குனி, சித்திரையில் மூன்றும் ஒன்றாகப் பொருந்துவது இந்தக் கரையில். ஆகவே குளிப்பும் அந்த மாதங்களில்தான்.

முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்ற பழைய பெயர் உண்டு. சலாபத்துறையே சிலாவத்துறை ஆனது என்று சொல்வார்கள். இந்தப் பெயர் விளக்கத்தை நான் நம்புகிறேன். ஒலியோடு தொழிலும் இடமும் பொருந்தி வருகிறது, அதனால்.

1905ஆம் ஆண்டுச் சலாபம் பெயர் பெற்றது. அந்த ஒரு பருவத்தில் 8 கோடி அளவில் சிப்பி எடுத்தார்கள். மறிச்சுக்கட்டியில் கிடுகிலும் கம்பிலும் பல்லாயிரம் பேருக்கு ஒரு பட்டணம் எழும்பியது. வளைகுடா அரபிகள், கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர்கள், யாழ்ப்பாணத்தார், செட்டிமார், பொலிஸ், நீதிமன்றம், கடைத்தெரு எல்லாம் இருந்தன. காலில் கல்லைக் கட்டி இறங்குபவர் ஒருவர், மேலே கயிறு பிடிப்பவர் ஒருவர். பின்னேரம் படகு திரும்பியதும் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அதில் இரண்டு அரசாங்கத்துக்கு. எந்த இரண்டு என்பதை அதிகாரி காட்டுவார். மிச்சக் குவியல்தான் மூச்சைப் பிடித்தவனுக்கு. வாங்கிய சிப்பியை வெயிலில் அழுக விட்டு, புழு தின்ற பிறகு கழுவி முத்துப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்தையும் ஈயையும் எழுதாத வெள்ளைக்காரன் இல்லை. சில பருவங்களில் கொலரா வந்து முகாம் கலைந்திருக்கிறது.

பருவம் முடிந்தால் பட்டணமும் முடிந்தது. ஒரு நகரம் மாசியில் பிறந்து வைகாசிக்குள் காணாமல் போகும். இதைப் பிள்ளைகளுக்கு 'பருவகாலக் குடியிருப்பு' என்று சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் சிலாவத்துறையில் மண்ணைக் கிளறியபோது சிப்பி ஓடுகள் வந்தன. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதும் வருவதாக மேசன் வேலை செய்யும் ஒரு நானா சொன்னார்.

முத்து நிரந்தரமான சொத்து அல்ல. சிப்பியின் ஆயுளே ஐந்தாறு வருடம். குஞ்சை நீரோட்டம் எங்கோ கொண்டுபோகும், மணல் மூடும், திருக்கை தின்னும். ஒல்லாந்தர் காலத்தில் 1768க்குப் பிறகு 1796 வரை குளிப்பே நடக்கவில்லை. பிரித்தானியர் வந்ததும் 1796, 1797, 1798 என்று அடுத்தடுத்துக் குளித்துப் பெருந்தொகை சம்பாதித்தார்கள். இது இப்படியே நடக்கும் என்ற நம்பிக்கையில் எழும்பியது அந்த மாளிகை. அது முடிந்தது 1804இல், நோர்த் பதவி விட்டுப் போனது 1805இல். நூறு வருடம் கழித்து அதே பிழை. 1905இன் பெரும் விளைச்சலைப் பார்த்து ஒரு லண்டன் கம்பனி 1906இல் பார்களை 20 வருடத்துக்குக் குத்தகைக்கு எடுத்தது. கொஞ்ச வருடத்தில் பார் வெறுமை.

அப்படியானால் எங்கள் முன்னோர் எதை நம்பிக் குடியிருந்தார்கள்? இதற்கு வரலாற்றுப் புத்தகத்தை விட ஊர்ப் பெயர்கள் நன்றாகப் பதில் சொல்கின்றன. பிள்ளைகளைக் கொண்டு முசலிப் பிரிவின் ஊர்ப் பெயர்களை எழுதி வகை பிரித்தோம். வேப்பங்குளம், பூநொச்சிக்குளம், முள்ளிக்குளம், கூளாங்குளம். பண்டாரவெளி, மேத்தன்வெளி. அகத்திமுறிப்பு. பொற்கேணி. பாலைக்குளி, கரடிக்குளி. குளம், கேணி, வெளி. வன்னியில் முறிப்பு என்றால் அணை உடைந்த குளம். வெளி என்றால் வயல்வெளி. முன்னால் மரத்தின் பெயர்: வேம்பு, நொச்சி, முள்ளி, அகத்தி, பாலை. நாங்கள் எழுதிய பட்டியலில் முத்தோடு தொடர்புள்ள பெயர் சிலாவத்துறை மட்டும். மற்றெல்லாம் தண்ணீரும் வயலும்.

வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்து விடும் பூமி இது. அந்தத் தண்ணீரைத் தேக்கினால்தான் சாப்பாடு. ஆகவே குடியிருப்பு குளத்தை ஒட்டி, கடல் இரண்டாவது தொழில். கரையில் அரிப்புக் கத்தோலிக்க மீனவக் கிராமம், உள்ளே முஸ்லிம் கமக்காரர், இரண்டுக்கும் நடுவே மீனும் நெல்லும் கைமாறும். என் உம்மா சொன்ன முசலி இதுதான்.

இனி, பிள்ளை கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

2009க்குப் பிறகு சனம் திரும்பத் தொடங்கியபோது இடையில் 20 வருடம் போயிருந்தது. வளவில் மரம் நின்றது. பிறகு 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்று 40,030 ஹெக்டேயர் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தங்கள் பழைய காணியும் அதற்குள் அகப்பட்டு விட்டது என்று மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளிச் சனம் சொல்கிறார்கள். தெற்கில் ஊடகங்கள் "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்று எழுதின. வில்பத்துத் தேசியப் பூங்காவின் வட எல்லை மோதரகம் ஆறு. மறிச்சுக்கட்டி ஆற்றுக்கு வடக்கே. படம் வாசிக்கத் தெரிந்த பத்தாம் தரப் பிள்ளைக்கு இது விளங்குகிறது.

ஆனால் எங்கள் பக்கமும் எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். மூத்தவர்கள் கை காட்டும் எல்லா இடமும் ஊர் அல்ல, அதில் காடும் இருந்தது. அப்போ எது ஊர், எது காடு? அதைக் குரல் உயர்த்தி நிரூபிக்க ஏலாது, அளந்து காட்டத்தான் வேண்டும்.

ஒரு மூத்தவரோடு பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். என் கையில் பழைய அங்குலப் படத்தின் நிழற்பிரதி. ஊருக்கும் குளத்துக்கும் இடையே 8 சென்ரிமீற்றர் இருந்தது. "நாலு கிலோமீற்றர்" என்றேன். ஒரு மாணவி தயங்கித் தயங்கி, "சேர், இது அம்பதாயிரம் படம் இல்லையே" என்றாள். உண்மை. அங்குலப் படம் 1:63,360. அந்தத் தூரம் 5 கிலோமீற்றருக்குச் சற்று மேலே. பழக்கத்தில் விட்ட பிழை. ஒரு கிலோமீற்றர் பிழை என்றால் அது அடுத்தவன் காணி.

மூத்தவர் தன் வீட்டுக் கிணறு "இந்தப் புளியடிக்குத் தெற்கால" என்றார். தேடினோம், இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. "மகன், முப்பது வருசம் கண்ணுக்குள்ள வெச்சிருந்த இடம்" என்றார். பிறகு குளக்கட்டில் ஏறினோம். மரம் சாகும், புதிதாக முளைக்கும். குளத்துத் துருசு நகராது. துருசிலிருந்து வாய்க்கால் போன பக்கத்தை அவரிடம் கேட்டு, வாய்க்கால் வரம்பைத் தடவிக்கொண்டு நடந்தோம். முதலில் தேடிய இடத்திலிருந்து இருநூறு அடி வைத்திருப்போம். விடத்தல் பற்றைக்குள் கிணற்றுக் கட்டு இருந்தது. அவர் நினைத்திருந்த புளி வேறு புளி. அவருடையது இப்போது இல்லை. அவர் குனிந்து கட்டைத் தொட்டார். பிள்ளைகள் யாரும் பேசவில்லை. தொலைபேசியில் அமைவிடத்தைக் குறித்தது யார் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

அன்றைக்குக் கற்றது இது. பாலை, வீரை மரங்கள் மெதுவாக வளர்பவை. பருத்த பாலைகள் நெருக்கமாக நின்றால் அது பழைய காடு என்று எடுக்கலாம். விடத்தலும் சூரையும் மட்டும் மண்டி, நடுவில் புளியும் வேம்பும் நின்று, காலடியில் ஓட்டுத் துண்டு மிதிபட்டால் அது விட்டுப்போன வளவு. மேலே இருந்து எடுத்த செய்மதிப் படத்தில் இரண்டும் ஒரே பச்சை. 2005ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டி "எல்லாம் காடுதானே" என்று சொல்வோருக்குப் பதில், 1990க்கு முந்திய படத்தைப் பக்கத்தில் வைப்பது. லாண்ட்சாற் செய்மதிப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு புள்ளி 30 மீற்றர். வீடு தெரியாது. ஆனால் வயலும் குளமும் காடும் பிரித்துத் தெரியும். ஒப்பிட்டுப் பார்த்ததில் எங்களுக்குப் பிடிக்காத விடையும் வரலாம். வந்தால் அதையும் இதே பக்கத்தில் எழுதுவேன்.

இப்போது நான் கேட்கும் வேலை. உங்கள் வீட்டில் 1990க்கு முந்திய காணி உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, கலியாணப் புகைப்படம், பாடசாலைக் குழுப் படம் எது இருந்தாலும், தெளிவாகப் படம் எடுத்து உட்பெட்டிக்கு அனுப்புங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், என்னிடமும்கூட. கையில் ஒன்றும் இல்லையென்றால் வாப்பா, மூத்தம்மா யாரிடமாவது ஒரு தாளைக் கொடுத்து ஊரைக் கீறச் சொல்லுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் இரண்டு விசயம் கட்டாயம் வேண்டும்: கிணறு எங்கே, அது குளத்துத் துருசுக்கு எந்தப் பக்கம். ஒரே ஊரை இரண்டு மூன்று பேர் தனித்தனியாகக் கீறினால் இன்னும் நல்லது. சேர்ந்து கீற வேண்டாம், ஒருவர் மற்றவரைத் திருத்தி விடுவார்.

எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். போன மாதம் இரண்டு ஜனாஸாவுக்குப் போனேன். இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் என் கொப்பியில் அப்படியே இருக்கின்றன.

அல்லிராணி கோட்டைச் சுவரை சோளகம் ஓய்ந்ததும் மறுபடி அளக்கப் போகிறோம். அதே மூலை, அதே நாடா. வர விரும்பும் பெற்றோர் பாடசாலை வாசலுக்குக் காலை 7 மணிக்கு வாருங்கள், திகதி பிறகு போடுகிறேன். செருப்பு வேண்டாம், சப்பாத்து போடுங்கள். மேட்டு விளிம்புக்குக் கிட்ட யாரும் போகக்கூடாது, கீழே குடைந்திருக்கிறது.

துஆவில் சேர்த்துக் கொள்ளுங்கள்.